பீஸ் இல்லாத சால்னா

கேள்வி: இலஞ்சியில் இருக்கிறேன். நாங்கள் சுத்த சைவம். வீட்டுக்குள் முட்டைகூட ஏறாது. மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். போன தடவை அங்கே போயிருந்தபோது ஜப்பான், தாய்லாந்து இரண்டு நாட்டுச் சாப்பாடும் போடுகிற உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். ‘வெஜ்’ என்று அச்சடித்திருந்த சூப்பைக் குடித்து முடித்த பிறகு, பரிமாறியவர் “மீன் தண்ணிதான் மேடம், பீஸ் இருக்காது” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வருகிற ஐப்பசியில் பாங்காக் போக மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார். என்ன கேட்டு, எதைச் சாப்பிடுவது? பேசாமல் பழத்தோடு நிறுத்திக்கொள்ளவா?

பதில்: பழத்தோடு நிறுத்த வேண்டாம் அம்மா.

செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ‘வெறும் சால்னா’ கேட்டால் பீஸ் இல்லாமல் ஊற்றுவார்கள். அது கோழி வெந்த சால்னா என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அங்கே நீங்கள் ஏமாற மாட்டீர்கள். ஜப்பான் சமையலில் அந்தச் சால்னாவின் இடத்தில் இருப்பது டாஷி என்ற சாறு. உங்களுக்குப் பரிமாறியவர் பொய் சொல்லவில்லை. அவர் பீஸைச் சொன்னார், நீங்கள் சாற்றைக் கேட்டீர்கள். தப்பு ‘வெஜ்’ என்று அச்சடித்தவர் மேல்தான்.

டாஷியில் பெரும்பாலும் இரண்டு சரக்கு. ஒன்று கொம்பு. நம்மூர் மாட்டுக் கொம்பு இல்லை, ஒரு வகைக் கடற்பாசி. இன்னொன்று கட்சுவோபுஷி. தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசி என்று ஒரு கருவாடு உண்டே, ஏறக்குறைய அதுதான்: சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டைபோல ஆகும்வரை உலர்த்துவார்கள். ஜப்பானியர் அதை இழைப்புளி மாதிரி ஒரு கருவியில் வைத்துச் சீவி எடுக்கிறார்கள். சூடான பண்டத்தின் மேல் மெல்லிய மரச்சுருள்போல ஏதாவது நெளிந்து ஆடினால் கையை எடுத்துவிடுங்கள்.

இந்தச் சாறு மிசோ சூப்பில் இருக்கும். ஊடோன், சோபா நூடுல்ஸ் மிதக்கிற குழம்பில் இருக்கும். காய்கறி டெம்புரா நம் பஜ்ஜிக்கு அக்கா தங்கை முறைதான். ஆனால் மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம், தொட்டுக்கொள்ளத் தருவதும் டாஷி கலந்தது. எண்ணெய்ச் சட்டி இறாலுக்கும் அதுவேதானா என்றும் கேளுங்கள். அது பரவாயில்லையா கூடாதா என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், மேசையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். இனாரி என்று வறுத்த டோஃபு உறைக்குள் சோறு வைத்துத் தருவார்கள். பார்த்தால் பரம சாது. அந்த உறையையும் டாஷியில்தான் வேக வைத்திருப்பார்கள்.

சுஷி என்றாலே பச்சை மீன் என்று பயப்படாதீர்கள். சுஷிக்கு அடிப்படை வினிகரும் சர்க்கரையும் உப்பும் சேர்த்த சோறு. வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மகி உங்களுக்குச் சரிப்படும். அவகாடோ சுருளும் ஆகும், மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டால். ஜப்பான் மயோனைஸில் முட்டை மஞ்சள்கரு உண்டு. எடமாமே என்பது பச்சை சோயா காயை உப்புப் போட்டு அவித்தது. மொச்சைக்காய் அவித்துத் தின்று வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மீன் இல்லாமல் டாஷியின் ருசி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற பேராசிரியர் அந்த ருசியின் மூலத்தைப் பிரித்தெடுத்தது கொம்புச் சாற்றிலிருந்துதான். அஜினோமோட்டோ பிறந்த கதை அது. ஜப்பானிய பௌத்த மடங்களில் சோஜின் ரியோரி என்று ஒரு சமையல் இருக்கிறது. மீன், இறைச்சி கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. சாற்றுக்குக் கொம்பும் உலர்ந்த ஷிடாகே காளானும் போதும். அதனால் உணவகத்தில் “கொம்பு, காளான் மட்டும் போட்ட டாஷி இருக்கிறதா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அடுப்படிவரை போகும். “இது வெஜ்தானே?” என்ற கேள்விக்கு வாசலிலேயே தலையாட்டிவிடுவார்கள். முடிந்தால் மகளை முதல் நாளே போன் செய்யச் சொல்லுங்கள். இரவு எட்டரை மணிக் கூட்டத்தில் எந்தச் சமையற்காரருக்கும் பொறுமை இருக்காது.

தாய்லாந்துச் சமையல் நம் நாக்குக்குப் பக்கத்து வீடு. தேங்காய்ப்பால், புளி, பச்சை மிளகாய், நாரத்தை இலை வாசம் அடிக்கிற ஓர் எலுமிச்சை இலை, நாட்டுமருந்துக் கடையில் நாம் வாங்குகிற அரத்தை. ஏமாறுகிற இடமும் அதுதான், ஏனென்றால் உப்புக்குப் பதில் அவர்கள் ஊற்றுவது நாம் பிளா என்ற மீன் சாறு. சிவப்புக் கறி, பச்சைக் கறி இரண்டுக்கும் அரைக்கிற விழுதில் கபி, அதாவது இறாலை உப்பிட்டு நொதிக்க வைத்த விழுது, முன்கூட்டியே சேர்ந்திருக்கும். கடைசியில் காய்கறியை மட்டும் போட்டு இறக்கினால் அது சைவமாகிவிடாது. நம் ஊர்களில் உள்ள தாய் உணவகங்களில் சைவத்துக்கென்று தனி விழுது வைத்திருப்பவர்கள் உண்டு. “கறி விழுதில் இறால் உண்டா?” என்று நேராகக் கேளுங்கள். பொட்டலத்து விழுது என்றால் பொட்டலத்தைக் காட்டச் சொல்லலாம், பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க. வெட்கப்பட ஒன்றுமில்லை. பப்பாளிக்காய் சாலட்டிலும் பாட் தாய் நூடுல்ஸிலும் உலர்ந்த இறால் தூவுவார்கள்; பாட் தாயில் முட்டையும் சேரும்.

இனி பாங்காக். அங்கே இரண்டு சொல் தெரிந்தால் போதும். மங்சவிரட் என்றால் இறைச்சி விலக்கியது. மாம்சம், விரதி என்ற வடமொழிச் சொற்கள் அங்கே போய் அப்படி ஆகியிருக்கின்றன. ஆனால் அதில் முட்டை வரலாம். உங்களுக்கு வேண்டியது ‘ஜே’. முட்டை, பால், மீன் சாறு, பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லாத சாப்பாடு அது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அக்டோபரை ஒட்டி ஒன்பது நாள் ஜே விழா வரும். புரட்டாசியில் நம்மூர்க் கறிக்கடை காற்று வாங்குவதுபோல, அந்த நாட்களில் அங்கே தெருவெல்லாம் மஞ்சள் கொடியாக இருக்கும். தேதி ஆண்டுதோறும் மாறும், மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற நாட்களுக்கு “மை சை நாம் பிளா, மை சை கபி” என்று சொன்னால் அவை இரண்டும் போட வேண்டாம் என்று பொருள். தாய் எழுத்திலேயே ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது; நம் உச்சரிப்பை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எதுவும் சரிவரவில்லை என்றால் சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் இந்தியச் சாப்பாட்டுக் கடை எங்கே என்று விசாரியுங்கள்.

இனிப்புக்கு மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும். அதில் பயப்பட எதுவுமில்லை, இரண்டாவது தட்டு வாங்கலாம். பெட்டியில் ஒரு சின்னப் புட்டி நாரத்தங்காய் ஊறுகாயும் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளரிச் சுஷிக்கு அது நன்றாகவே பொருந்தும். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுங்கள்.