வளையத்திற்கு வெளியே எழுந்த குரல்: மல்யுத்த இரசிகர்களின் இணையப் பரப்புரை – ஓர் ஆய்வு

முன்னுரை

சினிமாவுக்கும் காற்பந்துக்கும் அடுத்தபடியாக நம் இளையோர் பலரின் மாலைப்பொழுதைக் கவர்ந்த பொழுதுபோக்குகளுள் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தமும் ஒன்று எனலாம். “எல்லாம் நடிப்புதானே, இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நடிப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால், நடிப்பு என்பதாலேயே இதில் ஆராய்வதற்கு ஒன்று இருக்கிறது. காற்பந்தில் ஓர் ஆட்டக்காரர் களமிறங்கிவிட்டால் கோல் அடித்துத் தம்மை நிரூபித்துக்கொள்ளலாம். மல்யுத்தத்தில் அது முடியாது. யார் வெல்ல வேண்டும், யார் தோற்க வேண்டும், யார் வீட்டிலிருந்து நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும் என்பதை எழுத்தர் குழுவும் நிறுவனத் தலைமையுமே முடிவுசெய்கின்றன. அப்படியானால், திறமை இருந்தும் ஓரங்கட்டப்பட்ட ஒரு வீரர் எங்கே போய் முறையிடுவார்?

இக்கேள்விக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இரசிகர்கள் ஒரு விடை கண்டனர். இணையத்தின்வழி ஒன்றுதிரண்டு, “இவருக்கு வாய்ப்பு கொடுங்கள்” என்று குரல் எழுப்பினர். சில வேளைகளில் அக்குரல் வென்றது. சில வேளைகளில் வென்றதுபோல் தோன்றித் தோற்றது. டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தில் நடந்த நான்கு நிகழ்வுகளை ஒப்பிட்டு, இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

வீரரின் நிலை

முதலில் இத்தொழிலின் அமைப்பை அறிந்துகொள்வது அவசியம். 1989ஆம் ஆண்டில் இந்நிறுவனம் நியூ ஜெர்சி மாநிலச் செனட் சபையிடம், தன் நிகழ்ச்சிகள் விளையாட்டுப் போட்டிகள் அல்ல, பொழுதுபோக்கே என்று வெளிப்படையாகத் தெரிவித்தது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதே அதன் நோக்கம். அன்று முதல் முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன என்பது ஊரறிந்த இரகசியமாயிற்று.

இன்னொன்றும் உண்டு. இந்நிறுவனம் தன் வீரர்களை ஊழியர்களாகக் கருதுவதில்லை. தனித்து இயங்கும் ஒப்பந்தக்காரர்களாகவே கருதி வந்துள்ளது. அவர்களுக்குத் தொழிற்சங்கமும் இல்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட வீரருக்காகப் பேச அமைப்பு ஒன்றும் இல்லாத இடத்தில், அவரது சட்டையை வாங்குபவரும் அவர் பெயரைக் கூவுபவருமாகிய இரசிகரே அவருக்குத் துணை. ஆகவே, இப்பரப்புரைகளை வெறும் பொழுதுபோக்குக் கூச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. கூச்சலுக்குப் பின்னால் ஒருவரின் பிழைப்பு இருக்கிறது.

ஸாக் ரைடர்: கிடைத்ததும் பறிபோனதும்

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸாக் ரைடர் தொலைக்காட்சியில் அரிதாகவே தோன்றினார். நியூ யார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த அவர், நிறுவனம் தம்மை நினைத்துப் பார்க்கும்வரை காத்திருக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் யூடியூபில் சொந்தமாக ஒரு வாராந்திரக் காணொலித் தொடரைத் தொடங்கினார். பெரிய செலவு இல்லை. நண்பர்களையும் தம் தந்தையையும் நடிக்க வைத்து, தம் நிலையைத் தாமே கேலி செய்துகொண்டார். ஒரு கட்டத்தில் தம்மை ‘இணையச் சாம்பியன்’ என்று அறிவித்துக்கொண்டு, அதற்கென ஒரு பட்டையையும் அணிந்து வந்தார்.

இரசிகர்கள் அவரோடு சேர்ந்துகொண்டனர். அரங்குகளில் அவர் பெயரைத் தாங்கிய பதாகைகள் பெருகின. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் நியூ யார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த பெரிய நிகழ்ச்சியில், ஜான் சீனாவும் ‘தி ராக்’கும் இருந்தபோதும் கூட்டம் ரைடரைக் கேட்டுக் குரல் எழுப்பியது. இறுதியில் டிசம்பர் 18ஆம் நாள் டால்ஃப் ஸிக்லரை வீழ்த்தி அமெரிக்கச் சாம்பியன் பட்டத்தை வென்றார் ரைடர். இரசிகர்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால், 2012 ஜனவரி 16ஆம் நாள் ஜேக் ஸ்வாகரிடம் அப்பட்டத்தை இழந்தார். பட்டம் அவரிடம் இருந்தது 29 நாள்களே. அதன்பின் கேன் என்னும் வீரருக்கும் சீனாவுக்கும் இடையிலான கதையில் அடிவாங்கும் நண்பராக, சக்கர நாற்காலியில் தள்ளிவரப்படும் துணைப்பாத்திரமாக அவர் சுருங்கிப்போனார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஏப்ரல் 3ஆம் நாள், காயமுற்ற ஒரு வீரருக்குப் பதிலாக ரெஸல்மேனியா 32இன் ஏணிப் போட்டியில் இடம்பெற்று இன்டர்காண்டினென்டல் பட்டத்தை வென்றார். அதையும் மறுநாளே இழந்தார். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்ட பலருள் அவரும் ஒருவர்.

டேனியல் பிரையன்: அரங்கைக் கைப்பற்றிய குரல்

டேனியல் பிரையனின் கதை வேறு. 2012 ஏப்ரல் 1ஆம் நாள் ரெஸல்மேனியாவில் அவர் 18 விநாடிகளில் தோற்கடிக்கப்பட்டார். அவமானமாக எழுதப்பட்ட அக்காட்சிக்கு மறுநாளே அரங்கம் அவருடைய “யெஸ்!” முழக்கத்தால் அதிர்ந்தது. இரு கைகளையும் உயர்த்தி எழுப்பும் அம்முழக்கம் பின்னர் விளையாட்டரங்குகள் பலவற்றிற்கும் பரவியது. 2013 ஆகஸ்டில் சீனாவை வென்று முதன்மைப் பட்டத்தைப் பெற்ற பிரையன், அன்றிரவே ரேண்டி ஆர்டனிடம் அதை இழந்தார். முதலிடத்துக்கு உரியவர் அல்லர் இவர் என்று நிறுவனத் தலைமைப் பாத்திரங்கள் கதைக்குள்ளேயே பேசின.

திருப்புமுனை 2014 ஜனவரி 26ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ராயல் ரம்பிள். முப்பதாவதாக வருபவர் பிரையன்தான் என்று காத்திருந்த கூட்டம், ரே மிஸ்டீரியோ வந்ததும் கொதித்தெழுந்தது. வெற்றி பெற்ற பட்டிஸ்டாவுக்கும் ஏளனக் குரலே கிட்டியது. அதே வாரத்தில் சி.எம். பங்க் நிறுவனத்தை விட்டு வெளியேறியதால் ரெஸல்மேனியாவின் பட்டியலில் ஓர் இடம் காலியானது. மார்ச் 10ஆம் நாள் மெம்ஃபிஸ் நகரில், இரசிகர் உடையணிந்த கூட்டத்தோடு பிரையன் வளையத்தை ஆக்கிரமிக்கும் காட்சி ஒளிபரப்பானது. ஏப்ரல் 6ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸில் ஒரே இரவில் டிரிபிள் எச்சையும், பின்னர் ஆர்டன், பட்டிஸ்டா இருவரையும் வென்று அவர் பட்டம் சூடினார். கழுத்துக் காயத்தால் ஜூன் 9ஆம் நாள் அதைத் துறக்க நேர்ந்தாலும், அவர் முதல்நிலை வீரர் என்பதை அதன்பின் யாரும் மறுக்கவில்லை.

பெண்களுக்கு ஒரு வாய்ப்பு

மூன்றாவது நிகழ்வு தனியொருவருக்கானதன்று. 2015 பிப்ரவரி 23ஆம் நாள் ‘ரா’ நிகழ்ச்சியில் பெண்கள் நால்வர் மோதிய குழுப் போட்டி ஏறத்தாழ அரை நிமிடத்தில் முடிக்கப்பட்டது. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் பெண்களுக்கு ஒதுக்கியது அவ்வளவுதானா என்று கேட்ட இரசிகர்கள், “திவாக்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்” என்ற பொருள்படும் குறிச்சொல்லை டுவிட்டரில் ஒரு நாளுக்கும் மேலாக முன்னணியில் நிறுத்தினர். நிறுவனத்தின் அப்போதைய தலைவர் வின்ஸ் மெக்மேன் அதே தளத்தில் பதில் சொல்லும் நிலை உருவானது.

அவ்வாண்டு ஜூலையில் சார்லட், பெக்கி லின்ச், சாஷா பேங்க்ஸ் ஆகிய மூவரும் முதன்மை நிகழ்ச்சிக்குக் கொண்டுவரப்பட்டனர். 2016 ஏப்ரலில் ‘திவா’ என்னும் பெயர் கைவிடப்பட்டு மகளிர் சாம்பியன் பட்டம் உருவானது. 2019 ஏப்ரல் 7ஆம் நாள் ரெஸல்மேனியாவின் இறுதிப் போட்டியில் முதன்முறையாகப் பெண்களே மோதினர். அரை நிமிடத்திலிருந்து அந்த மேடைவரை செல்ல நான்கு ஆண்டுகள் பிடித்தன.

கோஃபி கிங்ஸ்டன்: பதினோராண்டுக் காத்திருப்பு

கானாவில் பிறந்த கோஃபி கிங்ஸ்டன் 2008 முதல் இந்நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தோன்றியவர். கூட்டு இணைப் பட்டங்கள் பல வென்றும் முதன்மைப் பட்டம் அவர் பக்கம் வரவே இல்லை. 2019 பிப்ரவரியில் முஸ்தஃபா அலி காயமுற்றதால் அவருக்குப் பதிலாக கோஃபி சேர்க்கப்பட்டார். பிப்ரவரி 12ஆம் நாள் தொடர்மோதல் போட்டியில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக வளையத்தில் நின்று மூவரை வீழ்த்தினார். மாற்று ஆளாக வந்தவரின் உழைப்பைக் கண்ட இரசிகர்கள் இணையத்திலும் அரங்கிலும் ஒருமித்து எழுந்தனர். ஏப்ரல் 7ஆம் நாள் டேனியல் பிரையனை வென்று கோஃபி பட்டம் பெற்றார். ஒரு காலத்தில் மக்கள் குரலால் உயர்ந்தவரே இப்போது மக்கள் குரலின் எதிரே நின்றார் என்பது இக்கதையின் சுவையான முரண்.

180 நாள்கள் கழித்து, அக்டோபர் 4ஆம் நாள், பிராக் லெஸ்னர் பத்து விநாடிகளுக்குள் கோஃபியை வீழ்த்தினார். தோல்வியைவிட அது நிகழ்த்தப்பட்ட விதமே இரசிகர்களைப் புண்படுத்தியது.

ஒப்பீடும் விளக்கமும்

இந்நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மூன்று கருத்துகள் தெளிவாகின்றன.

முதலாவது, இணையக் குரல் தனித்து நின்று வெல்வதில்லை. காணொலியைக் கண்டோர் எண்ணிக்கையை நிறுவனம் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், நுழைவுச்சீட்டு வாங்கி வந்த கூட்டம் நேரடி ஒளிபரப்பில் நிறுவனம் விரும்பியவரை ஏளனம் செய்தால் அந்த நிகழ்ச்சியே கெட்டுப்போகிறது. பிட்ஸ்பர்க்கில் நடந்தது இதுவே. இணையம் மக்களை ஒன்றுசேர்த்தது. அரங்கம் விலையை உணர்த்தியது.

இரண்டாவது, காலியிடமும் தயார்நிலையும் ஒன்றுசேர வேண்டும். பங்க் வெளியேறாவிட்டால், அலி காயமுறாவிட்டால் என்னவாகியிருக்கும் என்று நாம் கேட்கலாம். அதிர்ஷ்டமே எல்லாம் என்று இதற்குப் பொருளில்லை. காலியிடங்கள் இத்தொழிலில் எப்போதும் உண்டாகின்றன. அவ்விடத்திற்கு யாருடைய பெயர் முதலில் நினைவுக்கு வரும் என்பதைத்தான் பரப்புரை தீர்மானிக்கிறது.

மூன்றாவது, என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். இதையே இக்கட்டுரையின் மையக் கருத்தாகக் கொள்ளலாம். ரைடருக்காக இரசிகர்கள் ஒரு பட்டத்தைக் கேட்டார்கள். பட்டம் ஒரு பொருள். கொடுத்த கை எளிதில் திரும்பப் பெற்றுக்கொள்ளும். பெண்களுக்காகக் கேட்கப்பட்டதோ நேரம், கதை, மதிப்பு. இவை நிகழ்ச்சியின் அமைப்பையே மாற்றக் கோரியவை. அதனால் வெற்றி தாமதமாக வந்தது. ஆனால், ஒரே இரவில் பறிக்க முடியாததாக நிலைத்தது. பட்டம் கிடைத்த அன்றே பரப்புரை முடிந்துவிட்டது என்று கலைந்து போகும் கூட்டத்தை எந்த நிறுவனமும் அஞ்சத் தேவையில்லை.

இங்கு ஒரு மறுப்பும் எழக்கூடும். இரசிகர்களின் கோபத்தையே கதையாக்கி, மெம்ஃபிஸில் ஆக்கிரமிப்பையே காட்சியாக்கி, நிறுவனம் இலாபம் பார்த்துவிட்டதே. இது எப்படி இரசிகர்களின் வெற்றியாகும்? இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆயினும், நிறுவனம் இலாபம் அடைந்தது என்பதாலேயே வீரர் அடைந்த பயன் பொய்யாகிவிடாது. அவ்வெற்றியை முழு அதிகார மாற்றம் என்று நினைத்துக்கொள்வதுதான் தவறு. எழுதுகோல் கடைசிவரை நிறுவனத்தின் கையிலேயே இருந்தது.

மற்றொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிட்ஸ்பர்க்கில் ஏளனம் செய்யப்பட்ட ரே மிஸ்டீரியோ செய்த குற்றம்தான் என்ன? முப்பதாவது ஆளாக வரச் சொன்னார்கள், வந்தார். அவரும் ஒப்பந்தத்தில் பிழைக்கும் ஒரு வீரரே. முடிவெடுத்தவர் திரைக்குப் பின்னால் இருக்க, அடி வாங்கியவர் வளையத்தில் நின்றவர். அம்பை எய்தவனை விட்டுவிட்டு அம்பை நோவதற்கு ஒப்பானது இது. பெண்களுக்கான பரப்புரையில் இக்குறை இல்லை. அன்று அரை நிமிடம் மோதிய நால்வரில் ஒருவரையும் இரசிகர்கள் பழிக்கவில்லை. நேரத்தை ஒதுக்கியவர்களையே கேட்டார்கள்.

முடிவுரை

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பதை எழுதும் உரிமை இரசிகனுக்கு இல்லை. ஆனால், எழுதுபவன் யாரை மறந்துவிடக் கூடாது என்பதை நினைவூட்டும் வலிமை அவனுக்கு உண்டு என்பதை இந்நான்கு நிகழ்வுகளும் காட்டுகின்றன. ஒருவருக்காகக் குரல் கொடுக்கும்போது எதைக் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம், கேட்டது கிடைத்தபின் எத்தனை நாள் விழித்திருக்கிறோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை வைத்திருப்பவர்களின் குரலே நிலைக்கிறது. கழகங்களிலும் மாணவர் மன்றங்களிலும் கோரிக்கை மனுக்களோடு அலையும் நம்மைப் போன்றோர்க்கு இப்பாடம் புதிதன்று. மல்யுத்த வளையத்திலிருந்து அதைக் கற்கலாம் என்பது மட்டுமே புதிது.

ஸாக் ரைடரின் அந்த 29 நாள்கள் வீணாகிவிட்டனவா? இல்லை என்றே கூறத் தோன்றுகிறது. நிறுவனம் விலக்கிய பின்னர், மேட் கார்டோனா என்னும் தம் சொந்தப் பெயரில் சிறிய அரங்குகளில் களமிறங்கிய அவர், அங்கே முன்னணி வீரராக உயர்ந்து காட்டினார். தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் வித்தையை அவருக்குக் கற்றுத்தந்தது 2011ஆம் ஆண்டின் அந்த மலிவான காணொலித் தொடர். பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட நிறுவனத்தால் அதைத் திரும்பப் பெற இயலவில்லை.