நம் ஊர் எப்போது சுடுகிறது?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுந்தாள். காரணம் கேட்டேன். "ராத்திரி ஷீட்டு ஆறவே மாட்டேங்குது சார்" என்றாள். அவள் வீடு செங்கல்பட்டு நகரின் நெரிசலான தெரு ஒன்றில், தகரக் கூரையின் கீழ். 'வானிலையும் காலநிலையும்' பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

நம் ஊர் சுற்றுப்புறத்தைவிட வெப்பமானதா? மாமல்லபுரத்தின் நண்பகல் வெப்பநிலையோடு ஒப்பிடலாம் என்றனர் மாணவர்கள். நானும் ஒப்புக்கொண்டேன். அது என் பிழை. கடற்காற்று முதலில் மாமல்லபுரத்தைக் குளிர்விக்கும். நம் ஊருக்குத் தாமதமாகவே வரும். கடலால் வரும் வேறுபாட்டை நகரத்தின் கணக்கில் எழுதியிருந்தோம்.

திருத்திய செயல்பாடு

1. கடலிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இரண்டு இடங்கள்: ஒரு நகரத் தெரு, ஒரு வயல்வெளி. கொளவாய் ஏரிக்கரையைத் தவிர்த்தோம். நீரும் வெப்பநிலையை மாற்றும்.
2. இரண்டு வெப்பநிலைமானிகளையும் ஒரே வாளி நீரில் வைத்து, அளவு ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம்.
3. நிழலில், தலை உயரத்தில், சுவரில் படாமல், பிற்பகல் 2 மணிக்கும் இரவு 8 மணிக்கும் பெற்றோர் துணையுடன் இரண்டு வாரம் அளந்தோம். மேகமும் காற்றும் குறிக்கப்பட்டன.

பகலில் வேறுபாடு சிறிதே. மேகமற்ற, காற்றில்லாத இரவுகளில்தான் நகரத் தெரு தெளிவாக முந்தியது. பகல் முழுதும் சிமெண்டும் தாரும் சேர்த்த வெப்பம் இரவில் மெல்ல வெளியேறுகிறது. நெருங்கிய கட்டடங்கள் அதைத் தடுக்கின்றன. நீராவிப்போக்கால் குளிர்விக்க மரங்களும் குறைவு. லண்டனில் லூக் ஹோவர்டு இதையே கண்டார். நகரின் இரவு புறநகரைவிடச் சராசரியாகச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று அவர் கணக்கிட்டார். அவருடைய நூலின் முதல் தொகுதி வெளிவந்தது 1818இல்.

காலமும் வேண்டும்

இரண்டு வார அளவு வானிலைதான். காலநிலைக்குப் பொதுவாக 30 ஆண்டுச் சராசரி தேவை. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மீனம்பாக்கம் வானிலை நிலையம் ஒரு காலத்தில் சென்னைக்கு வெளியே இருந்தது. நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. ஒப்பிடும் இடமே மாறினால் வேறுபாடு குறைந்ததுபோல் தோன்றும். ஜி.எஸ்.டி. சாலையோர வயல்கள் மனைகளாவதை மாணவர்களே பார்க்கிறார்கள்.

எனவே வெப்பநிலையோடு, 100 அடி சுற்றளவில் உள்ள மரங்கள், கூரைகள், தரையின் தன்மை ஆகியவற்றையும் குறிப்பேட்டில் எழுதுகிறோம். ஆண்டு முடிவில் அது அடுத்த வகுப்பின் கைக்குப் போகும். ஒரே பக்கத்தில் நகர, வயல் அளவுகளை எழுதும்படி அமையுங்கள், ஒப்பிட எளிது.

முதல் பாடவேளையில் தூங்குபவரை இப்போது நான் அதட்டுவதில்லை. வீட்டுக் கூரை எது என்று முதலில் கேட்கிறேன்.