வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லையா?

ஜீவனாம்சம் தராத கணவர், சம்பள பாக்கியை இழுத்தடிக்கும் முதலாளி... நியாயம் தன் பக்கம் இருந்தும், வக்கீல் ஃபீஸை நினைத்தே பலர் கோர்ட் பக்கம் போவதில்லை. அவர்களுக்காகவே இருக்கிறது 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் போன்றோர் இந்தச் சட்டப்படி இலவச வக்கீல் பெற வருமான வரம்பே கிடையாது. கை நிறையச் சம்பாதிக்கும் பெண்ணும் இலவச வக்கீல் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாமலிருப்பது பெரிய வருத்தம். மற்றவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகாவில் வட்ட சட்டப்பணிகள் குழு. பிரச்சினையை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையிலிருக்கும் ஆவணங்களின் நகலோடு கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வக்கீலுக்கான கட்டணத்தை ஆணைக்குழுவே தரும். 'செலவுக்கு ஏதாவது பாருங்க' என்று அவர் கேட்டால், அந்த அலுவலகத்திலேயே புகார் கொடுங்கள்.

சொந்தமாக வக்கீல் வைப்பவர்கள் வக்காலத்தில் கையெழுத்திடும் முன்பே மொத்த ஃபீஸ், தவணை, இதர செலவு எல்லாவற்றையும் பேசி எழுதி வாங்குவது நல்லது. விபத்து வழக்குகளில் 'வருகிற இழப்பீட்டில் இத்தனை சதவீதம்' என்று பேரம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன.

நிலுவையிலுள்ள வழக்கு, ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமாக முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.