பலகை மாட்டினால் போதுமா?

மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல்

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவள் நான்தான் முதல். அப்பா தி. நகர் பனகல் பூங்காப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். பிராஜக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி நான் ஏன் தூங்கவில்லை என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

ஒரு புரோகிராமை அதற்கு வேண்டிய சாமான்களோடு கட்டிவைத்த பெட்டிதான் கன்டெய்னர். பல கணினிகளில் இப்பெட்டிகளை ஓட்டி மேய்ப்பது குபெர்நெட்டிஸ். கூகுள் 2014-இல் வெளியிட்டது. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளில் எது எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்ற விதியை எழுதும் கோப்பின் பெயர் இன்கிரஸ். என் பிராஜக்டில் நூலகப் பக்கம் ஒன்று, கேன்டீன் பக்கம் ஒன்று. விதியை எழுதினேன், 'கிரியேட்டட்' என்று பதிலும் வந்தது. பிரவுசரிலோ 404!

அப்பா எட்டிப் பார்த்தார். விதி எழுதியும் நடக்கவில்லை என்றேன்.

"ஏன் கண்ணு, ஒன்வேன்னு போர்டு மாட்டிட்டா ஆச்சா? உஸ்மான் ரோட்டுல நின்னு திருப்பிவிட ஆள் வேணாமா?"

ஆள் இருந்தார். ஆனால் வேறு ஆள்! இன்கிரஸ் வெறும் பலகை. அதைப் படித்துக் கோரிக்கையைத் திருப்பிவிடுவது கன்ட்ரோலர். பழைய கணினியில் நான் போட்டிருந்த கே3எஸ், டிராஃபிக் என்ற கன்ட்ரோலருடனேயே வருகிறது (பெயரே அதுதான், ஆங்கில எழுத்துதான் வேறு). ஒரு பழைய பாடத்தைப் பார்த்து மேலும் ஒன்றை, இன்கிரஸ்-என்ஜின்எக்ஸை, நான் சேர்த்துவிட்டேன். 80-ஆம் போர்ட்டை முதல்வர் ஏற்கெனவே பிடித்துக்கொண்டதால் இரண்டாமவர் 'பென்டிங்'கிலேயே நின்றார். என் பலகையிலோ 'என்ஜின்எக்ஸ்' என்று எழுதியிருந்தது. வாசலில் நின்றவர் அது தனக்கில்லை என்று கண்டுகொள்ளவே இல்லை.

யாருக்கு என்று சொல்லும் வரி 'இன்கிரஸ்கிளாஸ்நேம்'. 2020-இல், 1.18-ஆம் பதிப்பில் வந்தது; அதற்குமுன் அனோட்டேஷனில் எழுதினார்கள். இந்த வரியை விட்டால் டிஃபால்ட் என்று குறித்த வகுப்புக்குப் போகும். ஆகவே டிஃபால்ட் ஒன்றே இருக்கட்டும். 'கியூப்சிடிஎல் கெட் இன்கிரஸ்கிளாஸ்' என்று அடித்தால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நான் இதைக் கடைசியில்தான் அடித்தேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நம் லேப் அளவுக்குக் கூடவே வந்ததே போதும் என்பேன். என்ஜின்எக்ஸ் பெயரில் இரண்டு கன்ட்ரோலர்கள் உண்டு, குழம்பாதீர்கள். அவற்றில் குபெர்நெட்டிஸ் குழுவினரின் இன்கிரஸ்-என்ஜின்எக்ஸுக்கு 2026 மார்ச்சோடு பராமரிப்பு முடியும் என்று 2025 நவம்பரிலேயே அறிவித்தார்கள். பழைய பாடங்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். இனிப் படிப்பவர்கள் கேட்வே ஏபிஐயையும் பாருங்கள், 2023-இல் 1.0 ஆனது. அங்கும் 'கேட்வேகிளாஸ்' என்று ஆளைக் குறிக்கத்தான் வேண்டும்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். காலையில் நூலகப் பக்கம் திறந்தது. கேன்டீன் பக்கத்தில் 'பொங்கல்' தப்பாக இருந்தது, அதை சார் மட்டும்தான் கவனித்தார்.