அழிறப்பர் இல்லாத வேலைப்பட்டியல்



சென்ற வருடம் திருவிழா வேலைகளை அலுவலகக் கணனியில் ஓர் அட்டவணையாக இட்டு, ஒருவர் மாறி ஒருவர் திருத்தி வந்தோம். கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கையில்தான் மாலைக்குச் சொல்லவில்லை என்பது தெரியவந்தது. அட்டவணையில் அந்த வரியே இல்லை. யார், எப்போது அழித்தார் என்பதற்குச் சான்றும் இல்லை. பழி ஒரு தொண்டர் மீது விழுந்தது. அவர் மனம் நொந்து கூட்டங்களுக்கு வராமல் விட்டார். அழித்தது நாமே என்பது பின்னர் எமது குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தபோது புரிந்தது. அவரிடம் நேரிற் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

கணக்காளரான நாம் இப்படிச் செய்திருக்கக் கூடாது. பேரேட்டில் பிழையான பதிவை அழிப்பதில்லை. அதனை நேராக்க இன்னொரு பதிவு இடுவோம். இதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பதுதான் சார்புமுறைச் செய்நிரலாக்கம். 1930களில் அலோன்சோ சேர்ச் வகுத்த லாம்டா நுண்கணிதம் இதன் அடிப்படை. 1958இல் ஜோன் மக்கார்த்தி தொடக்கிய லிஸ்ப், 1990இல் வெளியான ஹாஸ்கெல் ஆகிய மொழிகள் இவ்வழியில் வந்தவை.

இம்முறையில் ஒரு வேலைப்பட்டியலை மூன்று படிகளில் அமைக்கலாம்.

முதலாவது, பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் செயல், வேலை, செய்தவர் பெயர், திகதி ஆகியன இருக்கும். எழுதிய பதிவு மாறாது. உதாரணமாக:

1. சேர்: மாலை
2. சேர்: மண்டபம்
3. முடி: மாலை
4. மீளத்திற: மாலை

இரண்டாவது, ஒரு சார்பு. பழைய பட்டியலையும் ஒரு பதிவையும் கொடுத்தால் புதிய பட்டியலைத் தரும். பழையதைத் தொடாது. கொடுப்பது ஒன்றானால் விடையும் என்றும் ஒன்றே. ஆகையால் இச்சார்பு கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. திகதி பதிவிலேயே வரவேண்டும். கோப்பில் சேமிப்பது, திரையிற் காட்டுவது போன்றவற்றை இதற்கு வெளியே தனியாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, மடித்தல். வெறும் பட்டியலில் தொடங்கி, பதிவுகளை வரிசையாக ஒவ்வொன்றாகச் சார்புக்குக் கொடுப்போம். பேரேட்டில் மீதி காண்பதும் இப்படித்தானே! ஹாஸ்கெல் மொழியில் இதற்கு ஃபோல்ட் என்றும், ஜாவாஸ்கிரிப்டில் ரெடியூஸ் என்றும் பெயர். மேலுள்ள உதாரணத்தில் 3ஆம் பதிவுடன் நிறுத்தினால் மிஞ்சுவது மண்டபம் மட்டுமே. 4ஆம் பதிவையும் சேர்த்தால் மாலையும் மண்டபமும் மிஞ்சும். எந்த நாளின் நிலை வேண்டுமோ, அந்த நாளின் கடைசிப் பதிவுடன் நிறுத்திப் பார்க்கலாம். அழிப்பதற்கு இடமில்லாதபடியால், வீணாக ஒருவர்மேல் பழி போடவும் இடமில்லை.

பதிவுகள் நாளுக்கு நாள் பெருகும் என்பது உண்மை. சிறு சங்கத்தின் வேலைகளுக்கு அது பாரமாகாது.

பிள்ளைகளோடு இருந்து செய்து பார்க்க ஒரு பயிற்சி: "முடி: தோரணம்" என்று ஒரு பதிவு வருகிறது, தோரணம் பட்டியலில் இல்லை. சார்பு பட்டியலை மாற்றாமல் திருப்பித் தரவேண்டுமா, பிழை என்று அறிவிக்க வேண்டுமா? உங்கள் விடையைக் காரணத்துடன் எழுதி அனுப்புங்கள்.