மய்யித்தின் சாமான்களும் தரகுக் கூலியும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் சகோதரர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது ஒரு மஸ்அலா கேட்டார். அவருடைய ஜமாஅத்தில் ஒருவர் மவுத்தாகிவிட்டார். அவருடைய தாய் தந்தையர் முன்பே காலமாகிவிட்டனர். மனைவியும், மணமான மகளும், ஒன்பது வயது மகனுமே வாரிசுகள். வீட்டுச் சாமான்களை விற்றுக் கொடுக்க ஒரு கம்பெனி நூற்றுக்கு 30 கேட்கிறது. மற்றொன்று 40 கேட்கிறது. "குறைந்ததையே பேசி முடிக்கப் போகிறார்கள், இது கூடுமா?" என்றார்.

அந்நாட்டில் இதை 'எஸ்டேட் சேல்' என்பார்கள். கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கே வந்து, சாமான்களுக்கு விலைச் சீட்டு ஒட்டி, விளம்பரம் செய்து, இரண்டு மூன்று நாட்கள் அங்கேயே விற்பார்கள். கடைசி நாளில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு.

தரகுக் கூலி ஆகுமானதே. இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹில் இதற்கென ஒரு பாடமே அமைத்து, இப்னு ஸீரீன், அதாவு, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் இதைக் குற்றமாகக் கருதவில்லை என்று எடுத்துரைக்கிறார்கள். ஆனால் விகிதக் கூலியில் பேச்சு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கூலி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். விற்பனைத் தொகையே தெரியாதபோது அதில் நூற்றுக்கு இவ்வளவு என்பது தெரியாத கூலிதான். ஹனஃபிகளிலும் அசல் சட்டம் இதுவே. எனினும் மக்களிடம் மிகுதியாக வழங்கிவிட்டதால் குற்றமிராது என்று முஹம்மது இப்னு ஸலமா (ரஹ்) கூறியதை இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்தெழுதியுள்ளார்கள். முடிந்தால் ஒரு தொகையாகவே பேசிவிடுவது பேணுதல்.

சகோதரரிடம் அந்த ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னேன். 30 கேட்கும் கம்பெனி விளம்பரம், சுத்தம் செய்தல், குப்பை அகற்றுதல் ஆகியவற்றுக்கென்று 1,500 டாலர் தனியாகப் பிடிக்கிறது. 40 கேட்பது எல்லாம் உட்பட. விற்பனை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முன்னதற்கு 4,500 போகிறது, பின்னதற்கு 4,000. விற்பனை 15,000-க்கு மேற்பட்டால்தான் 30 மலிவு! சில கம்பெனிகள் குறைந்தபட்சக் கூலி என்றும் எழுதிக்கொள்ளும். 4,000-க்கே விற்றாலும் 2,000 கட்டாயம் என்றிருந்தால் அது நூற்றுக்கு 50 அல்லவா?

இந்தப் பணம் யாருடையது? கஃபன் செலவும், பாக்கி மஹர் உள்ளிட்ட கடன்களும், வஸிய்யத்தும் போக மீதியை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, மகளுக்கு 7, மகனுக்கு 14. ஆக, கூலியாகப் போகும் 4,500-ல் 2,625 டாலர் அந்தச் சிறுவனுடையது. தாயும் மகளும் தங்கள் பங்கில் விட்டுக்கொடுக்கலாம். எத்தீமின் பங்கில் விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. அவனுக்காகப் பொறுப்பேற்பவர் வழக்கமான கூலிக்கு மேல் ஒப்பக் கூடாது. நியாயமான விலைக்குக் குறைத்து விற்க விடவும் கூடாது. எனவே இரண்டு மூன்று கம்பெனிகளிடம் விசாரிப்பது இங்கே சிக்கனம் மட்டுமல்ல, கடமை. கடைசி நாள் தள்ளுபடிக்கும் எல்லை எழுதி வாங்க வேண்டும்.

இன்னொன்று. விற்றுக் கொடுப்பவர் நல்ல சாமான்களைத் தாமே எடுத்துக்கொள்வது கூடாது. விற்பனைக்கு வகீலானவர் தமக்கே விற்றுக்கொள்ள முடியாது. இதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். சகோதரர் அன்றிரவே தொலைபேசியில் பேசிக் கையெழுத்தை நிறுத்தி வைத்தார். வல்லாஹு அஃலம்.