சீராக் ஆகமம் மீண்டு வந்த வரலாறு

பழைய ஏற்பாட்டிலுள்ள சீராக் ஆகமத்தை நீர் அறிவீர். தாய் தந்தையரைச் சங்கித்தல், நல்ல நட்பு, நாவடக்கம், ஏழைகளுக்கு இரங்குதல் முதலியவற்றைப் போதிக்கும் ஞான நூல் அது. கி.மு. 2-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெருசலேம் நகரத்து யூத சாஸ்திரி ஒருவர் அதை எபிரேயத்தில் எழுதினார். அவருடைய பேரன் எகிப்து தேசம் சென்று, கி.மு. 132-க்குப் பின் அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்.

யூதர் இந்நூலைத் தங்கள் வேத நூல்களின் வரிசையில் சேர்க்கவில்லை. ஆயினும் அவர்களுடைய தல்மூத் என்னும் பெருநூல் இதன் வாக்கியங்களை எடுத்தாளுகிறது. எபிரேயப் பிரதியைத் தாம் கண்டதாக அர்ச். ஜெரோம் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அப்பிரதி மறைந்துபோயிற்று. கிரேக்கம், சீரியம் முதலிய மொழிபெயர்ப்புகளே மிஞ்சின.

மூலம் எங்கே போயிற்று? இதை அறிய யூதரின் வழக்கம் ஒன்றை அறியவேண்டும். சர்வேசுரனுடைய திருநாமம் எழுதிய ஏடு நைந்து கிழிந்தாலும் அவர்கள் அதை எரிப்பதில்லை, குப்பையில் எறிவதுமில்லை. ஜெபக்கூடத்தின் ஓர் அறையில் சேர்த்துவைத்து, மரித்தவரை அடக்கம் செய்வதுபோல் மண்ணில் அடக்கம் செய்வார்கள். அவ்வறைக்குக் 'கெனிசா' என்று பெயர். பழைய கெய்ரோவிலுள்ள பென் எஸ்ரா ஜெபக்கூடத்துக் கெனிசாவிலோ, ஏடுகள் அடக்கம் செய்யப்படாமலே பல நூற்றாண்டுகளாய்க் குவிந்து கிடந்தன. எகிப்தின் வறண்ட காற்று அவற்றை மக்காமல் காத்தது.

1896-ம் ஆண்டில் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரிகள் கீழ்த்திசையில் சில ஏடுகளை விலைக்கு வாங்கிக் கேம்பிரிட்ஜ் நகருக்குக் கொண்டுவந்தனர். அவற்றில் ஒன்று சீராக் ஆகமத்தின் எபிரேய ஏடு என்று அங்கிருந்த யூதப் பண்டிதர் சாலமோன் ஷெக்டர் கண்டுகொண்டார். அவ்வாண்டின் இறுதியில் அவரே கெய்ரோ சென்று, யூத சமூகத்தாரின் அனுமதியுடன் சுமார் 1,90,000 ஏட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்தார். இந்த ஆகமத்தின் வேறு ஏடுகளும் அவற்றில் அகப்பட்டன.

இது மூலமன்று, பிற்காலத்தார் எபிரேயத்தில் திருப்பி எழுதியதே என்று சில பண்டிதர் வாதித்தனர். 1964-ல் மசாதா கோட்டையில் ஒரு தோற்சுருள் கிடைத்தது. 39 முதல் 44 வரையுள்ள அதிகாரங்களின் பகுதிகள் அதில் இருந்தன. உரோமையர் கி.பி. 73 அல்லது 74-ல் பிடித்த கோட்டை அது. சுருள் அதற்கும் முந்தியது. கெய்ரோ ஏடுகள் அதனோடு பெரும்பாலும் ஒத்திருக்கவே, வாதம் ஓய்ந்தது. இன்று இந்த ஆகமத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எபிரேயத்தில் நம் கைக்கு வந்திருக்கிறது.

வாசகரே, நாம் வேதமென்று போற்றும் நூலின் மூலத்தை, அதை வேதத்தில் சேர்க்காத மக்களே நமக்குக் காத்துத் தந்தார்கள் என்பதைச் சிந்தியும். யூதரை இகழ்ந்து பேச நாவெழும்போது இதை நினைவுகூரும். உமது வீட்டிலும் அட்டை கிழிந்த ஜெபப்புத்தகம், திருநாமம் அச்சிட்ட தாள் முதலியவை இருக்கும். அவற்றைப் பண்டம் மடிக்கக் கொடாமல் சங்கையோடு மண்ணில் அடக்கம் செய்யும். உம் பிள்ளைகள் அதைக் கண்டு கற்றுக்கொள்வார்கள்.